பூச்சியம் சொன்ன பெட்டி

12.02.2013, செவ்வாய்

இன்று பெட்டி பேசவில்லை.

ஆறரைக்குத் தேத்தண்ணியோடு வந்து கதிரையில் இருந்து கொம்பியூட்டரைப் போட்டேன். பக்கம் வந்தது. மேலே நான் இருக்கிற வெரிபீயின் வெயில் மழை சொல்லும் பெட்டி வந்தது. அதற்குக் கீழே பஸ் நேரம். அதற்குக் கீழே வானொலி. எல்லாவற்றுக்கும் கீழே என் மகள் வசந்தினியின் குரல் பெட்டி இருக்க வேண்டும். அந்த இடத்தில் ஒரு மெல்லிய கோடு மட்டும் கிடந்தது.

இரண்டு வருடத்துக்கு முன்னர் எனக்கென்று அவள் செய்து தந்த பக்கம் இது. நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். எந்தக் கிழமை மஞ்சள் மூடிக் குப்பைத் தொட்டி, எந்தக் கிழமை பச்சை மூடி என்று கவுன்சில் அனுப்பும் தாளை வாசிக்கத் தெரியாது. அவளுக்கோ காலையில் ரெயினில் இருந்து கதைக்க நேரமில்லை. அதனால் குரலைப் பதிந்து வைத்தாள். "அம்மா, எழும்பிட்டியளே? இண்டைக்குச் செவ்வாய். மஞ்சள் மூடித் தொட்டி. பிறஷர் குளிசையைப் போட்டிட்டுப் போங்கோ." இவ்வளவுதான். ஒவ்வொரு நாளுக்கும் ஒவ்வொன்று.

அவள் போய் நாலு மாதம். பெட்டிக்கு அது தெரியாது. அந்தந்த நாளுக்குரியதை அது சொல்லிக்கொண்டே இருந்தது.

மஞ்சள் மூடி என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் இன்று தொட்டியை வெளியில் வைக்கவில்லை. அவள் சொல்லாமல் எப்படி வைக்கிறது?

13.02.2013, புதன்

கொம்பியூட்டரை நிற்பாட்டித் திரும்பப் போட்டேன். துணியால் துடைத்தேன். இல்லை.

16.02.2013, சனி

கொம்பியூட்டரைத் துவாயில் சுற்றி, சாமான் வாங்கும் தள்ளுவண்டியில் வைத்து, கடைத்தெருவுக்குக் கொண்டு போனேன். திருத்துகிற கடைப் பையன் பார்த்தான். எல்லாம் ஓடுகிறதே, என்ன பிரச்சினை என்று கேட்டான். அந்தக் கோட்டைத் தொட்டுக் காட்டினேன். இது யார் செய்தது என்று கேட்டான். மகள் என்று சொல்ல, "டோட்டர்" என்றேன். அப்படியென்றால் டோட்டரையே கேளுங்கள் என்று சிரித்துக்கொண்டு சொன்னான்.

ஓகே என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன்.

வரும் வழியில் தள்ளுவண்டியின் ஒரு சில்லு கிறீச்சிட்டது. வீடு வரைக்கும் அந்தச் சத்தம்தான் துணை.

03.03.2013, ஞாயிறு

இரண்டு வீடு தள்ளிக் கலா என்று ஒரு பிள்ளை இருக்கிறாள். ஈரோட்டுக்காரி. நாற்பது வயது இருக்கும். என் மஞ்சள் தொட்டி நிரம்பி மூடி எழும்பி நிற்பதைப் பார்த்துவிட்டு, "ஏன்க்கா, உடம்பு சரியில்லையா?" என்று வந்தாள். அடுத்த முறை குப்பை வண்டிக்காரன் என்னோடு சண்டைக்கு வருவான் என்றும் சொன்னாள். சொல்லிவிட்டேன் அவளிடம், பெட்டியைப் பற்றி.

கலாவுக்கு வேலை, மற்றவர்கள் செய்த பக்கங்களில் பிழை பிடிப்பது. "குறை சொல்றதுக்குச் சம்பளம் குடுக்கறாங்கக்கா. எங்க வீட்டுக்காரர் அதை நான் ஓசியிலயே செய்வேங்கறார்."

கதிரையில் இருந்து F12 என்ற கீயை அமத்தினாள். நான் ஒருநாளும் தொடாத கீ. பக்கத்தின் கீழ்ப்பாதியில் வேறொரு வெள்ளைப் பலகை எழும்பியது.

"இதுக்குக் கன்சோல்னு பேரு. பக்கத்தோட அடிவயிறு இதுதான். இங்க நீங்க கேள்வி கேட்டா, பக்கம் பதில் சொல்லும்."

பலகையில் ஒரு சிவப்பு வரி இருந்தது. சிவப்பென்றால் பக்கம் முறையிடுகிறதாம். வசந்தினி வேலை செய்த ஒபிஸில் ஒரு மெஷின் இருந்ததாம். அதில் அவள் ஒரு பைல் வைத்திருக்கிறாள். காலையில் குரல் பெட்டியின் உயரத்தை நீட்டி, இன்றைக்கு எந்தக் குரல் என்று சொல்வது அந்தப் பைல்தான். மெஷினை இப்போது காலி பண்ணிவிட்டார்கள். பைல் இல்லை.

"அப்ப குரல்?"

"அது வேற இடத்துல இருக்கலாம்க்கா. இல்ல, இதோட சேர்ந்து போயிருக்கலாம். கேட்டுப் பாத்தாத்தான் தெரியும்."

அதற்குள் வெளியில் அவளுடைய மனுசன் பழனிசாமி ஹோர்ன் அடித்தார். மகளுக்கு நீச்சல் வகுப்பு. கலா இந்தக் கொப்பியின் பின் அட்டையில் ஒரு வரி எழுதித் தந்தாள். "இதை இப்படியே அடிங்க. பெரிய எழுத்து சின்ன எழுத்து மாறக் கூடாது. அடிச்சிட்டு என்டர் தட்டினா, எத்தனை குரல் இருக்குன்னு எண்ணிச் சொல்லும். நம்பர் வந்தா இருக்கு. பூஜ்யம் வந்தா..."

ஹோர்ன் திரும்பவும் அடித்தது.

04.03.2013, திங்கள்

வேலையால் வந்து அடித்தேன். சிவப்பு. திரும்ப அடித்தேன். சிவப்பு. புள்ளி எது, காற்புள்ளி எது என்று தெரியவில்லை. உடுப்புத் தோய்க்கிற லோண்டரி வேலையில் இன்று நூற்றுக்கு மேல் படுக்கை விரிப்பு மடித்தவள் நான். ஒரு வரி மடங்க மாட்டேன் என்கிறது.

06.03.2013, புதன்

இன்று வேலை இல்லாத நாள். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக விரலால் தொட்டுத் தொட்டு அடித்தேன். சிவப்பு வரவில்லை. நீல நிறத்தில் ஒரு எண் வந்தது.

0.

கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எண்ணிப் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறது. ஒன்று கூட இல்லையாம்.

பத்து மணிக்குக் கலா வாசலில் வந்து நின்றாள். பின்னால் சூட்கேசுகள் ஏற்றின கார். ஈரோட்டில் அவளுடைய தாய்க்கு இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. நாலு மாதம் சம்பளமில்லாத லீவு எடுத்துக்கொண்டு பார்க்கப் போகிறாள். "நம்பர் வந்துச்சாக்கா?" என்று கேட்டாள்.

பயணம் வெளிக்கிடுகிறவளுக்கு இல்லை என்ற சொல்லைச் சொல்லக் கூடாது. அதுவும் தாயைப் பார்க்கப் போகிறவளுக்கு.

"வந்தது, வந்தது. நீங்கள் சந்தோசமாப் போட்டு வாங்கோ. பிறகு கதைப்பம்."

அவளுடைய முகம் மலர்ந்தது. கையைப் பிடித்து அமத்திவிட்டுப் போனாள்.

நான் பொய் சொல்லவில்லை. எண் வந்ததுதானே.

24.03.2013, ஞாயிறு

இன்று வசந்தினியும் தீபனும் கலியாணம் கட்டின நாள். ஐந்து வருடம்.

தீபன், ஜெயதீபன், என் மருமகன். குளிர்சாதனப் பெட்டி திருத்துகிற வேலை. இரண்டு பேரும் இங்கே பக்கத்தில் பொயிண்ட் குக்கில் இருந்தார்கள். இப்போது அவன் சிட்னியில், பிளாக்டவுனில், தமையன் வீட்டில். அவனும் நானும் கதைத்து ஐந்தரை மாதம்.

கதைக்காததற்கு நான்தான் காரணம் என்று சொல்வார்கள். சொல்லட்டும். வைத்தியர்கள் இனி மருந்து இல்லை என்று சொல்லி ஆறு கிழமை, அவன் எனக்கு வாய் திறக்கவில்லை. நான் அந்த ஆறு கிழமையும் லோண்டரிக்குப் போய் விரிப்பு மடித்தேன். பிள்ளை தேறி வாறாள் எண்டு எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரிஞ்சன். லீவு போட்டு அவளுக்குப் பக்கத்தில இருந்திருப்பன். சீப்பால தலை இழுத்து விட்டிருப்பன். ஆறு கிழமை. நாற்பத்திரண்டு நாள்.

செத்த வீட்டில் எல்லாருக்கும் முன்னால் சொன்னேன். "என்ர பிள்ளையை எனக்குத் தெரியாமல் சாகவிட்டவன் நீ. என்ர வீட்டு வாசல்படி மிதிக்காதே." அவன் குனிந்தபடி நின்றான். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கோவில் மண்டபத்துக்கு வந்து, செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு, சாப்பிடாமல் போனான்.

இன்று ஏன் இதை எழுதுகிறேன்? அவனும் இன்று தனிய இருப்பான் என்று நினைத்தேன். நினைத்ததற்காகக் கோபமும் வந்தது.

14.04.2013, ஞாயிறு

வருசப் பிறப்பு. ஒரு வருசம் முடியாத துடக்கு வீடு. பொங்கவில்லை.

20.05.2013, திங்கள்

ஒரு விசயம் இங்கே எழுதாமல் விட்டிருக்கிறேன். எழுத வெட்கம்.

காலையில் ஆறரைக்கு நான் அந்த வரியை அடிக்கிறேன். ஒவ்வொரு நாளும். F12, வரி, என்டர். 0 என்று வரும். பிறகு குளிசையைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போவேன்.

கை பழகிவிட்டது. முதலில் அரை மணித்தியாலம் எடுத்தது. இப்போது பின் அட்டையைப் பார்க்கத் தேவையில்லை. லோண்டரியில் கூட வேலை செய்கிற பத்மா, என் விரல் மேசையில் தானாக ஆடுவதைப் பார்த்துவிட்டு, "என்ன அன்ரி, வீணை பழகுறியளோ?" என்று கேட்டாள்.

ஓம் என்றேன்.

இல்லை என்று தெரிந்த பிறகும் ஏன் கேட்கிறாய் என்று என்னையே கேட்கிறேன். தெரியாது. கேட்டால் பதில் வருகிறது. இந்த வீட்டில் நான் கேட்பதற்குப் பதில் சொல்ல வேறு என்ன இருக்கிறது.

11.06.2013, செவ்வாய்

0. மழை. தொட்டி வைத்தேன். எந்த மூடி என்று பக்கத்து வீட்டைப் பார்த்து வைத்தேன்.

02.07.2013, செவ்வாய்

பக்கத்து வீட்டுக்காரரும் பிழையான தொட்டியை வைத்திருக்கிறார். தெருவில் பாதிப் பேர் அவரைப் பார்த்து வைத்திருக்கிறோம். இதை வசந்தினியிடம் சொல்லியிருந்தால் குப்புற விழுந்து சிரித்திருப்பாள்.

0.

21.07.2013, ஞாயிறு

ஒழுங்காக எழுத வேண்டும்.

வெள்ளிக்கிழமை பக்கத்தின் தலைமாட்டில் மஞ்சளாக ஒரு பட்டி வந்தது. ஆங்கிலம். செப்டெம்பர் 30 என்பது மட்டும் விளங்கியது. இன்று கலா ஊரால் வந்து முறுக்கோடு என்னைப் பார்க்க வந்தாள். தாய் எழும்பி நடக்கிறாவாம். பட்டியைக் காட்டினேன். வாசித்தாள். இந்தப் பக்கத்துக்கு இலவசமாக இடம் கொடுத்த கம்பனி செப்டெம்பர் 30ஆம் திகதியோடு மூடுகிறதாம். அதற்குப் பிறகு அதில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும்.

"போனால் போகட்டும். அதுக்குள்ள ஒண்டும் இல்லையே," என்றேன்.

"என்னக்கா சொல்றீங்க? நம்பர் வந்துச்சுன்னீங்களே?"

"வந்தது. பூச்சியம்."

கலா என்னைப் பார்த்த பார்வையில் கோபமும் இருந்தது. "அன்னைக்கே ஏன்க்கா சொல்லல?"

"பயணம் போற நேரத்தில இல்லை எண்டு எப்பிடிச் சொல்லுறது?"

அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "எங்க அம்மாவும் இதைத்தான் செய்வாங்க. சரி, அந்த வரியைத் தேடி எடுங்க, அடிக்கலாம்." தேடத் தேவையில்லை என்று சொல்லிவிட்டு நானே அடித்தேன். பார்க்காமல் அடித்தேன். கலா என் விரல்களையே பார்த்தாள். எத்தனை தரம் அடித்தீர்கள் என்று கேட்டாள். சொன்னேன்.

"அக்கா, தப்பு என்னோடது. அவசரத்துல முக்கியமானதைச் சொல்லாம விட்டுட்டேன். எங்க நின்னு கேக்கணும்னு சொல்லல."

வீட்டுக்குப் பின்னால் தனி யூனிட் கட்டி வாடகைக்கு விடுகிறார்களே, அது போலத்தான் இந்தப் பெட்டி என்றாள். விலாசம் ஒன்று. ஆனால் வாசல் வேறு, சாமான் வேறு. முன்வீட்டில் நின்று இங்கே கட்டில் எத்தனை என்று கேட்டால், முன்வீட்டுக் கட்டிலைத்தான் எண்ணும். பின்யூனிட்டில் இருப்பதை எண்ணாது. நான் நாலரை மாதமாக முன்வீட்டில் நின்று கேட்டிருக்கிறேன்.

பலகையின் கீழ் மூலையில் சின்னதாக ஒரு சொல் இருந்தது. டொப். ஒவ்வொரு நாளும் என் கண்ணில் பட்ட சொல்தான். கலா அதை அமத்தினாள். ஒரு சின்னப் பட்டியல் விரிந்தது. மூன்று பெயர். ஒன்று அந்த டொப். அடுத்தது ஆங்கில எழுத்தில் அம்மா. அதற்குக் கீழே தீபன்.

"இது யாரு?" என்று கலா கேட்டாள்.

"மருமகன்."

கலா அம்மா என்ற பெயரைத் தெரிவு செய்தாள். "இப்ப நீங்க பின்வீட்டுக்குள்ள நிக்கறீங்க. கேளுங்க."

அடித்தேன். என்டர்.

41.

நாற்பத்தொன்று. இருந்திருக்கு. இவ்வளவு நாளும் இருந்திருக்கு. நான் ஒவ்வொரு நாளும் வாசலில நிண்டு கூப்பிட்டிட்டுப் போயிருக்கிறன், அவள் உள்ளுக்க இருந்திருக்கிறாள்.

பிறகு கலா பக்கத்தின் உள்வரிகளில் அம்மா என்று எழுதின வரியைக் காட்டினாள். அதில் உயரம் 0 என்று இருந்தது. அதன் மேல் இரண்டு தரம் தட்டி 600 என்று மாற்றச் சொன்னாள். நான் மாற்றினேன். மெல்லிய கோடு வாய் திறந்தது. பெட்டி விரிந்தது. உள்ளே நாற்பத்தொரு சின்ன முக்கோணம், ஒன்றன் கீழ் ஒன்றாக. முதலாவதைத் தட்டினேன்.

"அம்மா, எழும்பிட்டியளே?"

கலா எழும்பிக் குசினிக்குள் போய்த் தண்ணிக் குழாயைத் திறந்துவிட்டாள். கழுவ அங்கே ஒரு கோப்பையும் இருக்கவில்லை.

22.07.2013, திங்கள்

காலையில் போட்டேன். பெட்டி திரும்பவும் கோடாகக் கிடந்தது. பயந்து கலாவுக்கு ரெலிபோன் எடுத்தேன். அப்படித்தானாம். நாங்கள் மாற்றியது எங்கள் கண்ணுக்கு மட்டும். பக்கத்தைத் திரும்ப எடுத்தால் பழையபடி ஆகிவிடும். நிலையாக மாற்றுவதற்குப் பாஸ்வேர்ட் வேண்டும். "அவங்க வீட்டுக்காரர்கிட்டதான் இருக்கும்க்கா," என்றாள்.

பரவாயில்லை. F12, வரியைத் தேடு, 0, 600. ஒரு நிமிசம். விளக்கு ஏற்றுவது போலத்தான், ஒவ்வொரு நாளும் புதிதாக ஏற்ற வேண்டும்.

இன்று எந்தக் குரல் என்று சொல்லப் பைல் இல்லை. நான்தான் தேட வேண்டும். திங்களுக்கு நாலு இருக்கிறது. ஒன்றில் இருமுகிறாள்.

27.07.2013, சனி

கலா வந்து நாற்பத்தொன்றையும் கொம்பியூட்டரில் சொருகுகிற ஒரு குச்சியில் இறக்கித் தந்தாள். இனி யார் மூடினாலும் என்னுடையவை என்னிடம். மற்றப் பெட்டியையும் எடுக்கட்டுமா என்று மெதுவாகக் கேட்டாள்.

"அதில் கை வைக்காதேங்கோ. அது என்ர இல்லை."

28.07.2013, ஞாயிறு

பட்டியலில் தீபனைத் தெரிவு செய்து, அந்த வரியை அடித்தேன். எண்ணிக்கை மட்டும் பார்ப்போம் என்று.

19.

03.08.2013, சனி

எண்ணிக்கையோடு நிற்கவில்லை நான். இன்று தீபனின் வரியைத் தேடி 600 என்று போட்டேன்.

மேலே தமிழில் எழுதியிருந்தாள். "தீபனுக்கு. மார்ச் 24."

கலியாண நாள். அந்த நாளில் பெட்டி தானாக விரியும்படி வைத்திருக்கிறாள். பெப்ரவரியில் ஒபிஸ்காரர் மெஷினைக் காலி பண்ணிவிட்டார்கள். அவனுடைய கொம்பியூட்டரிலும் வசந்தினி போட்டுவைத்த இந்தப் பக்கம்தான் முதலில் வரும். மார்ச் 24 அன்று அவன் அதைப் போட்டிருப்பான். கோட்டைப் பார்த்திருப்பான். கோடு என்றுதான் நினைத்திருப்பான்.

ஒவ்வொரு முக்கோணத்துக்கும் பக்கத்தில் ஒரு தலைப்பு. கார் இன்சூரன்ஸ். ஊறுகாய்ப் போத்தல். என்ர சைக்கிள். ஏழாவது, "அம்மாவுக்குச் சொல்லாதை எண்டு நான் உன்னைக் கேட்டது."

வாசித்தேன். திரும்ப வாசித்தேன்.

அவளா கேட்டவள்? என்ர பிள்ளையா கேட்டவள்? ஏன் பிள்ளை? நான் என்ன குறை விட்டனான்? இதைத் தட்டினால் அவளே சொல்லுவாள். அவளின்ர வாயால. ஒரு தட்டு. கை மவுசிலதான் இருக்கு. ஆரும் பார்க்கேல்லை, ஆரும் கேட்கப் போறதில்லை—

தேத்தண்ணியில் ஆடை படர்ந்து போய்விட்டது. அவ்வளவு நேரம் இருந்திருக்கிறேன்.

நான் தட்டவில்லை. பக்கத்தைத் திரும்ப எடுத்தேன். பெட்டி மூடிக்கொண்டது.

04.08.2013, ஞாயிறு

மருமகனிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. செத்த வீட்டில் சொல்லத்தான் சொன்னேன். ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று ஒரு கேள்வியாகக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பான்?

ஒன்றும் சொல்லியிருக்க மாட்டான். அவளுக்கு வாக்குக் கொடுத்தவன்.

11.08.2013, ஞாயிறு

ரெலிபோனைக் கையில் எடுத்து வைத்தேன். மூன்று தரம்.

செப்டெம்பர் 30. இன்னும் ஐம்பது நாள்.

17.08.2013, சனி

காலை பத்து மணிக்குத் தீபனுக்கு ரெலிபோன் எடுத்தேன். இரண்டு தரம் அடித்தவுடன் எடுத்துவிட்டான்.

"மாமி?"

அந்தச் சொல்லுக்கு நான் ஆயத்தமாக இருக்கவில்லை. எழுதி வைத்த நாலு வசனமும் மறந்து போனது.

"தம்பி, கொம்பியூட்டர் பக்கத்திலயோ இருக்கு?"

"என்ன மாமி?"

"வசந்தினியின்ர பக்கத்தைப் போடு. போட்டிட்டு F12 ஐ அமத்து."

சுகமில்லையோ, கூட ஆராவது நிற்கினமோ என்று கேட்டான். என் தலையில் ஏதோ நடந்துவிட்டது என்று நினைத்திருப்பான். நான் நல்லாத்தான் இருக்கிறன், சொல்லுறதைச் செய் என்றேன். கதிரை இழுபடும் சத்தம் கேட்டது.

"ஓம். ஏதோ வெள்ளையா எழும்பியிருக்கு. சிவப்பில ஒரு வரி."

"அதை விடு. நான் சொல்லச் சொல்ல அடி." எழுத்து எழுத்தாகச் சொன்னேன். பெரிய எழுத்து எது, புள்ளி எது என்று எல்லாம். "இதெல்லாம் எங்க பழகினனீங்கள் மாமி?" என்று நடுவில் கேட்டான். "கதையாதை, அடி," என்றேன்.

"பூச்சியம் எண்டு வருது."

"தெரியும். நீ வெளியில நிண்டு கேட்கிறாய். கீழ் மூலையில டொப் எண்டு இருக்கும். அதை அமத்து. என்ன பேர் இருக்கு?"

"டொப். பிறகு அம்மா. பிறகு..."

"உன்ர பேர் இருக்கோ?"

"இருக்கு."

"அதுக்குள்ள போய் நிண்டு, அதே வரியை அடி."

கீ தட்டும் சத்தம் கேட்டது. பின்னால் அவனுடைய தமையனின் பிள்ளைகள் ஏதோ இங்கிலீசில் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"பத்தொன்பது," என்றான். "மாமி, என்ன பத்தொன்பது?"

உயரத்தை எப்படி மாற்றுவது என்று சொன்னேன். கலியாண நாளுக்கு வைத்தது, அந்தப் பைல் அழிந்ததால் திறக்காமல் போனது என்று சொன்னேன். செப்டெம்பர் 30க்கு முன்னர் எல்லாவற்றையும் இறக்கி வைக்கச் சொன்னேன். "நான் ஒண்டும் கேட்கேல்லை. தலைப்புகளை மட்டும் வாசிச்சுப் போட்டன். அது பிழைதான்."

"மாமி—"

"இப்ப நான் வைக்கிறன். பிள்ளைகளை வெளியில அனுப்பிப் போட்டுக் கேள்."

வைத்துவிட்டேன். வளவுக்குள் போய்க் காய்ந்த உடுப்பை எடுத்தேன். மடித்தேன். மடித்ததை உதறித் திரும்பவும் மடித்தேன்.

19.08.2013, திங்கள்

தீபனிடமிருந்து எஸ்.எம்.எஸ். "பத்தொன்பதும் எடுத்து வைச்சிட்டன் மாமி." அவ்வளவுதான்.

08.09.2013, ஞாயிறு

ஆண்டுத் திவசம் 28ஆம் திகதி விழுகிறது என்று ஐயர் கணக்குப் பார்த்துச் சொன்னார். தீபனுக்குச் சொன்னேன். எங்கே செய்வது என்று கேட்டான். கோவில் மண்டபத்திலோ என்றான்.

"என்ர வீட்டில," என்றேன்.

28.09.2013, சனி

திவசம் நடந்தது.

நேற்றுப் பின்னேரம் தீபன் வந்தான். மெலிந்து போயிருக்கிறான். படியில் நின்றான். உள்ளுக்குக் கால் வைக்கவில்லை. ஏன் நிற்கிறான் என்று விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. பிறகு விளங்கியது. நான் சொன்ன சொல் அந்தப் படியில் கிடந்தது. போய்க் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தேன்.

இன்று காலை ஐயர் பித்தளைச் செம்பு கேட்டார். குசினி முழுக்கத் தேடினேன். தீபன் வந்து மேல்தட்டில் அரிசி வாளிக்குப் பின்னால் கையை விட்டு எடுத்துக் கொடுத்தான்.

"உனக்கெப்பிடித் தெரியும்?"

"பதினொராவதில சொல்லியிருக்கிறாள். அம்மா தேடுவா, இதிலதான் இருக்கும் எண்டு."

தெருவில் ஆளில்லை. இன்று கால்பந்து இறுதியாட்டம். ஐயர் மந்திரம் சொல்ல, பக்கத்து வீட்டில் ஆட்கள் கூவ, நடுவில் தீபன் பிண்டம் வைத்தான். கலாவும் பழனிசாமியும் வந்து சாப்பிட்டுப் போனார்கள். கலா தீபனிடம், "உங்க மாமியாருக்கு எங்க ஆபீஸ்லயே வேலை குடுக்கலாம். ஒரே கேள்வியை நூறு தடவ சலிக்காம கேப்பாங்க," என்றாள். அவன் சிரித்தான். ஒரு வருடத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பைப் பார்த்தேன்.

எல்லாரும் போன பிறகு அவன் ஒரு குச்சியை மேசையில் வைத்தான். "ஏழாவது இதில இருக்கு. கேளுங்கோ மாமி."

"அது உனக்குச் சொன்னது."

"அப்ப?"

"நீ சொல்லு. நான் உன்னைத்தான் கேட்கிறன். ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

சொன்னான். வெயில் யன்னலை விட்டுப் போகும் வரைக்கும் சொன்னான். அதை இங்கே எழுத மாட்டேன்.

30.09.2013, திங்கள்

இன்று கடைசி நாள். பெட்டியை விரித்து எல்லாவற்றையும் ஒருமுறை கேட்டேன். இருமுவது இரண்டாவது திங்களில்.

01.10.2013, செவ்வாய்

ஆறரைக்குத் தேத்தண்ணியோடு வந்து போட்டேன். பக்கம் இல்லை. மழை வெயில் பெட்டி இல்லை, பஸ் இல்லை, ஒன்றும் இல்லை. வெறும் வெள்ளை. ஆங்கிலத்தில் ஏதோ இரண்டு வரி.

என்றாலும் F12 ஐ அமத்தி அந்த வரியை அடித்தேன். 0 என்றது. மூலையில் டொப்பை அமத்திப் பார்த்தேன். வேறு பெயர் இல்லை. இந்த முறை சரியான பதில்தான். பலகையை மூடினேன்.

குளிசையைக் கையில் எடுத்தபோது சிட்னியில் இருந்து ரெலிபோன் அடித்தது.

"மாமி, எழும்பிட்டியளே? இண்டைக்குச் செவ்வாய். பச்சை மூடி."

"ஓம் தம்பி. வைக்கிறன்."

தொட்டியை இழுத்துக்கொண்டு வெளியில் போனேன். தெருவில் எல்லாரும் மஞ்சளை வைத்திருந்தார்கள். நான் பச்சையை வைத்துவிட்டு வந்தேன்.